ஷாம்பேன் நாட்டுக் கிளிக்கோ அம்மையார்

பிரெஞ்சு நாட்டின் வடகிழக்கே ரெய்ம்ஸ் என்றொரு பழம்பெரும் நகரம் இருக்கிறது. அந்நாட்டார் அதனை ‘ரான்ஸ்’ என்று ஒலிப்பர். பிரெஞ்சு மன்னர்கள் வழிவழியாக முடிசூட்டிக்கொண்ட பேராலயம் அந்நகரில்தான் உள்ளது. வீரமங்கை ஜோன், ஏழாம் சார்லசை அழைத்துச் சென்று 1429-ஆம் ஆண்டில் முடிசூட்டச் செய்ததும் அங்கேதான். வரலாற்று வகுப்பில் நாம் படிப்பது இந்த அளவோடு முடிந்துவிடுகிறது. அந்த நகரின் தெருக்களுக்கு அடியில் இன்னொரு நகரமே இருக்கிறது என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

ரெய்ம்ஸ் நகரம் சீமைச்சுண்ணாம்புப் பாறையின்மேல் அமர்ந்திருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் அங்கே கடல் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து உண்டான மென்மையான வெண்பாறை அது. உரோமர் காலத்திலும் அதன்பின் இடைக்காலத்திலும் வீடு கட்டவும் மதில் எழுப்பவும் அந்தப் பாறையை வெட்டி எடுத்தார்கள். வெட்டிய முறை வியப்பானது. மேலே வாய் குறுகலாக இருக்கும். கீழே போகப்போக அகன்றுகொண்டே செல்லும். மழையும் பனியும் உள்ளே இறங்கிக் கல்லைக் கெடுத்துவிடக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். முப்பது மீட்டர் ஆழம்வரை செல்லும் கூம்பு வடிவக் கிணறுகள் அவை. கல் எடுத்து முடிந்ததும் கைவிடப்பட்டுக் கிடந்த அப்பள்ளங்கள் பிற்காலத்தில் சுரங்க வழிகளால் இணைக்கப்பட்டு, திராட்சை மதுவைப் பாதுகாக்கும் நிலவறைகளாயின. கோடையிலும் குளிரிலும் அவற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 10 முதல் 12 பாகை செல்சியசு அளவிலேயே நிற்கும். காற்றில் ஈரம் குறையாது. வெளிச்சமோ அசைவோ இல்லை. ஷாம்பேன் என்னும் நுரைமது பிறப்பதற்கு இதைவிட ஏற்ற இடம் வேறு வேண்டுமோ?

மதுவிலக்கில் உறுதி கொண்ட நண்பர்கள் இதற்குள் முகஞ்சுளிக்கத் தொடங்கியிருக்கலாம். அவர்கட்கு ஒரு சொல். மதுவைப் போற்றுவது இங்கு என் நோக்கம் அன்று. அந்த நிலவறைத் தொழிலில் அறுபது ஆண்டுகள் தம் பெயரை நிலைநாட்டிய ஒரு பெண்மணியின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறேன். இருபத்தேழாம் வயதில் கணவனை இழந்தவர் அவர். உலகின் பல நாடுகளில் இன்றும் அவருடைய பெயர் வழங்கும்போது ‘வ்வ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லும் சேர்ந்தே வழங்குகிறது. அச்சொல்லுக்குக் கைம்பெண் என்று பொருள். பெண்ணொருத்தியின் இழப்பைக் குறிக்கும் சொல்லே ஒரு வணிக இலச்சினையாகிப் பெருமிதத்தோடு புட்டிகளின்மேல் ஒட்டப்பட்டது எப்படி? அதுதான் இக்கதை.

பார்ப்-நிக்கோல் பொன்சார்தான் 1777-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் ரெய்ம்சில் பிறந்தார். தந்தை நிக்கோலா பொன்சார்தான் துணி ஆலை முதலாளி, ஊரில் பெருஞ்செல்வர், அரசியல் காற்று எந்தப் பக்கம் வீசினாலும் அந்தப் பக்கம் பாய் விரிக்கத் தெரிந்தவர். மன்னராட்சியில் மன்னரின் அன்பர். 1789-இல் புரட்சி வெடித்ததும் புரட்சிக் கட்சியினர். நெப்போலியன் வந்ததும் அவருடைய ஆதரவாளர், நகரத் தலைவர், பிறகு பிரபுப் பட்டமும் பெற்றவர். இத்தகைய மனிதரை மாணவராகிய நாம் எளிதில் பழித்துவிடுவோம். ஆயினும் தலைகள் உருண்ட அந்த நாட்களில் தம் குடும்பத்தாரின் தலைகளைக் காத்தவர் அவர் என்பதையும் நினைக்க வேண்டும். புரட்சியின் தொடக்கத்தில் கன்னிமாடத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சிறுமி பார்ப்-நிக்கோலை, ஏழைப் பெண்போல் உடை உடுத்திக் கலகக் கூட்டத்தின் நடுவே ஒரு தையற்காரி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள் என்றொரு கதை வழங்குகிறது.

1798-இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகன் பிரான்சுவா கிளிக்கோ. அவருடைய தந்தை பிலிப் கிளிக்கோவும் துணி வணிகரே. துணியோடு வங்கித் தொழிலும், 1772 முதல் சிறிய அளவில் மது வணிகமும் நடத்திவந்தார். புரட்சியின் விளைவாகத் தேவாலயங்கள் மூடிக்கிடந்த காலம் அது. எனவே பாதிரியார் ஒருவர் நிலவறை ஒன்றில் மறைவாக அம்மணத்தை நடத்திவைத்தார் என்று சொல்வார்கள். நிலவறையில் மாலை மாற்றிய மணப்பெண் பின்னாளில் நிலவறைகளுக்கே தலைவியானாள் என்று எழுதினால் புதினம்போல் இருக்கும். ஆனால் இருவரும் செல்வக் குடும்பத்துப் பிள்ளைகள். துணி வணிகர் வீட்டுக்குத் துணி வணிகர் வீடு கொடுத்து வாங்கிய சம்பந்தம். காதலும் கவிதையும் அதில் எவ்வளவு இருந்தன என்று யார் சொல்ல முடியும்? மறு ஆண்டே கிளெமான்தீன் என்ற பெண்குழந்தை பிறந்தது. அது ஒன்றே குழந்தை.

பிரான்சுவாவுக்குத் துணியில் மனம் செல்லவில்லை. திராட்சைக் கொடிகளிடத்தில் சென்றது. தந்தையார் துணிக்குத் துணையாக வைத்திருந்த மதுவணிகத்தை அவர் முதல் தொழிலாக்க விரும்பினார். இளம் மனைவியும் அவரோடு கொடித்தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். கொடி கட்டுவோரிடமும் பழம் பிழிவோரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டார். செல்வர் வீட்டுப் பெண்கள் அறையில் அமர்ந்து பூவேலை செய்வதே மரபாக இருந்த அந்நாளில் இது சிறிய செய்தியன்று. லூயி போன் என்ற செருமானிய வணிக முகவர் அப்போதுதான் அவர்கட்கு வாய்த்தார். குள்ளமான உருவம், அயராத கால்கள், பல மொழி பேசும் நாக்கு. அவர் செருமன் நாடுகளுக்கும் ருஷ்யாவுக்கும் சென்று ஆணைகள் பெற்று அனுப்பினார்.

1805 அக்டோபர் மாதம் பிரான்சுவா திடீரெனக் காய்ச்சல் கண்டு இறந்தார். தொழிலில் நேர்ந்த நட்டங்களால் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார் என்றும் ஊரில் பேசிக்கொண்டார்கள். மகனை இழந்த பிலிப் கிளிக்கோ நிலைகுலைந்துபோய், மதுவணிகத்தை அடியோடு மூடிவிட முடிவுசெய்தார். அந்த முடிவை எதிர்த்து எழுந்து நின்றவர் மருமகள். தம் கையிலுள்ள செல்வத்தை இடுவதாகவும், தொழிலைத் தாமே நடத்துவதாகவும் அவர் சொன்னார். கிழவர் மறுக்கவில்லை, தாமும் பணம் கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை. அனுபவமுள்ள அலெக்சாந்தர் ஃபூர்னோ என்ற மது உற்பத்தியாளரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டு நான்காண்டுகள் தொழில் கற்க வேண்டும். மருமகள் ஒப்புக்கொண்டார்.

இங்கே சட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1804-இல் வந்த நெப்போலியன் சட்டத் தொகுப்பு மணமான பெண்ணைக் கணவனின் அதிகாரத்துக்குள் வைத்துவிட்டது. கணவனின் ஒப்புதலின்றி அவள் சொத்தை விற்கவோ, ஒப்பந்தத்தில் கையெழுத்திடவோ, வழக்குத் தொடரவோ முடியாது. மணமாகாத மகளோ தந்தையின் நிழலில் இருப்பவள். கைம்பெண்ணோ தன் கையெழுத்தால் தானே கட்டுப்படக்கூடியவள்; தன் பெயரால் வணிகம் நடத்தக்கூடியவள். பெண்ணுக்கு அந்தச் சமுதாயம் அளித்த விடுதலையின் வாயில், அவளுடைய பெருந்துன்பத்தின் வழியாகவே திறந்தது என்பது எத்துணைக் கொடிய முரண்! அம்மையார் பிறகு அறுபது ஆண்டுகள் வாழ்ந்தும் மறுமணம் செய்துகொள்ளவில்லை. இறந்த கணவனிடத்தில் கொண்ட அன்பு ஒரு காரணமாக இருக்கலாம். மறுமணம் செய்திருந்தால் மறுநாளே அந்த நிறுவனம் வேறொருவர் கைக்குப் போயிருக்கும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டாவது காரணத்தையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

தொழில் கற்ற நான்காண்டுகளும் துயர ஆண்டுகளே. இங்கிலாந்தோடு போர். துறைமுகங்கள் அடைபட்டுக் கிடந்தன. வெளிநாட்டுக்கு அனுப்பிய புட்டிகள் ஆம்ஸ்டர்டாமில் முடங்கி வீணாயின. 1810-இல் ஃபூர்னோவுடனான கூட்டு முடிந்தது. அவர் இலாபம் காணாமல் விலகிக்கொண்டார். (அவருடைய குடும்ப நிறுவனம் பிற்காலத்தில் தெத்தாங்கே என்ற பெயரில் புகழ்பெற்றது வேறு கதை.) அவ்வாண்டில்தான் ‘வ்வ் கிளிக்கோ-பொன்சார்தான்’ என்று கணவன் குடும்பப் பெயரையும் தந்தை குடும்பப் பெயரையும் சேர்த்துத் தம் நிறுவனத்துக்குப் பெயரிட்டார். வயது முப்பத்திரண்டு. கையில் பணம் குறைவு. வாங்குவோர் இல்லை. நகைகளை விற்றுத்தான் அந்நாட்களில் தொழிலை ஓட்டினார் என்பர்.

1811-ஆம் ஆண்டு வானில் ஒரு பெரிய வால்மீன் தோன்றி மாதக்கணக்கில் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. ஐரோப்பாவில் அதைக் கண்டு அஞ்சியவர் பலர். ஷாம்பேன் நாட்டுக் குடியானவர்களோ மகிழ்ந்தார்கள். அவ்வாண்டில் திராட்சை விளைச்சல் அத்தனை சிறப்பாக இருந்தது. அந்த மதுவை ‘வால்மீன் மது’ என்றே அழைத்தார்கள். அம்மையார் தம் தக்கைகளின்மேல் வால்மீன் உருவைச் சூடு வைத்துப் பொறித்தார். ஆனால் நல்ல மது நிலவறையில் இருந்து என்ன பயன்? மறு ஆண்டு நெப்போலியன் ருஷ்யாவின்மேல் படையெடுத்தார். பிரெஞ்சு மது புட்டிகளில் வருவதை ருஷ்யப் பேரரசர் தடைசெய்திருந்தார்.

மாஸ்கோவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியனைத் துரத்திக்கொண்டு 1814-இன் தொடக்கத்தில் ருஷ்யப் படைகளும் பிரஷ்யப் படைகளும் ஷாம்பேனுக்குள் நுழைந்தன. ரெய்ம்ஸ் கை மாறிக் கை மாறிச் சின்னாபின்னமாயிற்று. மார்ச்சு 13-ஆம் நாள் நெப்போலியன் அந்நகரை மீட்டது அவருடைய கடைசி வெற்றிகளுள் ஒன்று. படைவீரர்கள் ஊரிலுள்ள நிலவறைகளை உடைத்துப் புட்டிகளைக் காலிசெய்தார்கள். அம்மையார் தம் சிறந்த மது இருந்த நிலவறை வாயில்களைச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. அடைக்க முடியாமல் வெளியே இருந்த மதுவை ருஷ்ய அதிகாரிகள் அருந்தியபோது அவர் பதறவில்லையாம். இன்று சுவை பழகியவர்கள் நாளை விலை கொடுத்து வாங்குவார்கள் என்பது அவருடைய கணக்கு. இது பின்னால் புனையப்பட்ட கதையாகவும் இருக்கலாம். ஆனால் அதன்பின் நடந்தது புனைவன்று.

ஏப்ரலில் நெப்போலியன் முடிதுறந்தார். மற்ற மது வணிகர்கள் சமாதானம் உறுதிப்படட்டும், துறைமுகம் முறைப்படி திறக்கட்டும், தடை நீங்கட்டும் என்று காத்திருந்தார்கள். அம்மையார் காத்திருக்கவில்லை. போட்டியாளர் எவருக்கும் தெரியாமல் ஒரு டச்சுக் கப்பலை அமர்த்தினார். 1814 ஜூன் மாதத் தொடக்கத்தில் 10,550 புட்டிகளோடும் லூயி போனோடும் அது ரூவான் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. சேருமிடம் பால்டிக் கரையிலுள்ள கோனிக்ஸ்பர்க். இன்று அது கலினின்கிராட் என்ற பெயரில் ருஷ்யாவில் இருக்கிறது. கப்பல் பிடிபட்டால், அல்லது தடை நீங்காமல் திரும்பி வந்தால், நிறுவனம் அன்றோடு முடிந்தது. கோடை வெப்பத்தில் புட்டிகள் வெடித்துவிட்டாலும் அதே கதிதான். நல்லவேளையாகப் புட்டிகளும் வெடிக்கவில்லை, தடையும் நீங்கிவிட்டது. கோனிக்ஸ்பர்க்கில் வேறு ஷாம்பேன் ஒரு புட்டிகூட இல்லை. போன் தங்கியிருந்த விடுதிக்கே வணிகர்கள் தேடிவந்து போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். மற்றவர்கள் விழித்துக்கொள்ளுமுன் அம்மையாரின் இரண்டாவது கப்பலும் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட புட்டிகளோடு புறப்பட்டுவிட்டது. பீட்டர்ஸ்பர்க் நகரத்துச் செல்வர் மாளிகைகளில் ‘கிளிக்கோ’ என்பது அந்த மதுவுக்கே பெயராயிற்று. புஷ்கினின் புகழ்பெற்ற செய்யுட் புதினமான யூஜின் ஒனேகினிலும் அப்பெயர் இடம்பெற்றிருக்கிறது. வணிகர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் எது?

தேவை பெருகிற்று. தேவைக்கேற்ப அனுப்ப முடியவில்லை. அதற்குக் காரணம் வண்டல். இதை விளங்கிக்கொள்ள நுரைமது உண்டாகும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேதியியல் மாணவர்கள் பொறுத்தருள்க. ஒருமுறை நொதித்து முடிந்த திராட்சை மதுவைப் புட்டியில் அடைத்து, சிறிது சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துத் தக்கையிட்டு நிலவறையில் கிடத்துவார்கள். புட்டிக்குள்ளேயே மறுபடியும் நொதித்தல் நடக்கும். அப்போது பிறக்கும் கரியமிலவாயு வெளியேற வழியின்றி மதுவிலேயே கரைந்துவிடும். தக்கையை எடுத்ததும் பொங்கும் நுரை இதனால் வருவதே. புட்டிக்குள் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் ஐந்தாறு மடங்கு ஏறும். அந்நாளைய கண்ணாடி அவ்வளவு உறுதியானதன்று. ஒரு புட்டி வெடித்தால் அதன் அதிர்ச்சியில் பக்கத்துப் புட்டிகளும் வெடிக்கும். நிலவறையில் வேலை செய்தவர்கள் முகத்தில் கம்பிவலைக் கவசம் அணிந்தே உள்ளே போனார்கள்.

நொதித்தல் முடிந்ததும் இறந்த ஈஸ்ட் வண்டலாகப் புட்டியின் வயிற்றில் படிந்துவிடும். மது கலங்கிக் காணும். தெளிய வைக்க ஒரு புட்டியிலிருந்து இன்னொரு புட்டிக்கு மாற்ற வேண்டும்; மாற்றினால் நுரை போய்விடும், மதுவும் வீணாகும். அம்மையார் இதற்கு வழி கண்டது 1816-ஆம் ஆண்டில் என்பது நிறுவனத்தின் மரபு. அவர் தம் சமையலறை மேசையில் துளைகள் போடச் செய்து, புட்டிகளை அத்துளைகளில் தலைகீழாகச் செருகி வைத்தாராம். நாள்தோறும் ஒவ்வொரு புட்டியையும் சிறிது குலுக்கிச் சிறிது திருப்பிவிட வேண்டும். சில வாரங்களில் வண்டல் முழுவதும் வழுக்கி வந்து கழுத்தில் தக்கையின்மேல் சேர்ந்துவிடும். பிறகு தக்கையை ஒரு நொடி திறந்தால், உள்ளிருக்கும் அழுத்தமே வண்டலை வெளியே தள்ளிவிடும். குறைந்த அளவு மதுவை ஊற்றி நிரப்பி மீண்டும் தக்கையிட்டால் முடிந்தது. மது பளிங்குபோல் தெளிந்திருக்கும், நுரையும் போகாது.

கேட்டால் எளிமையாக இருக்கிறது. ஆனால் அதுவரை எவருக்கும் கைகூடாதது இது. அவருடைய நிலவறைத் தலைவர் அந்துவான் மூலரின் பங்கு இதில் பெரிது. துளைகளைச் சாய்வாக வெட்டினால் புட்டியை எந்தச் சாய்விலும் நிறுத்தலாம் என்று கண்டவர் அவரே என்பர். இன்று ரெய்ம்ஸ் நிலவறைகளில் காணும், ஏணிபோல் இரண்டு பலகைகளைச் சாய்த்து இணைத்த தாங்கிகள் அந்த மேசையின் வழித்தோன்றல்கள். கண்டுபிடிப்பு என்றவுடன் முதலாளியின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வது உலக வழக்கு. மூலரையும், அவருக்குப்பின் நூற்றைம்பது ஆண்டுகளாகக் குளிர்ந்த இருட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்திலும் விளக்கொளியிலும் நின்று நாளொன்றுக்குப் பல்லாயிரம் புட்டிகளை இரு கைகளாலும் திருப்பிய பெயர் தெரியாத தொழிலாளரையும் நாமாவது நினைத்துக்கொள்வோம். அவர்களுடைய வேலையின் பெரும்பகுதியை இன்று எந்திரக் கூண்டுகள் செய்கின்றன. அம்மையார் இந்த முறையைச் சில ஆண்டுகள் மறைபொருளாகவே வைத்திருந்தார். எப்பெர்னே நகரத்து மொவே முதலிய போட்டியாளர்கள் பிறகு தெரிந்துகொண்டார்கள். இன்று ஷாம்பேன் நாடு முழுவதற்கும் அதுவே பொது முறை.

1818-இல் இளஞ்சிவப்பு ஷாம்பேன் செய்வதிலும் ஒரு புதுமை கண்டார். அதுவரை எல்டர் என்னும் செடியின் காய்ச்சாற்றைச் சேர்த்து நிறமூட்டுவார்கள். அவர் தம் பூசி ஊர்த் தோட்டத்தில் விளைந்த செந்நிற மதுவையே வெண்மதுவோடு கலந்தார்.

லூயி போன் 1821-இல் மறைந்தார். அந்த இடத்தை நிரப்ப அம்மையார் கெஸ்லர் என்ற இளைஞரை நம்பினார். அவருடைய யோசனைப்படியே வங்கியும் பிற தொழில்களும் தொடங்கினார். அவற்றால் பணம் கரைந்தது. கெஸ்லர் பிரிந்து போய் 1826-இல் செருமன் நாட்டு எஸ்லிங்கன் நகரில் நுரைமது நிறுவனம் தொடங்கினார். கூர்மதி படைத்த இந்த அம்மையார் மதுவை விட்டு விலகிச் சென்ற போதெல்லாம் அடி வாங்கினார் என்பதை அவருடைய புகழ்பாடிகள் மெல்லச் சொல்லி நழுவிவிடுவர். 1828-இல் அவர் பணம் வைத்திருந்த பாரிஸ் வங்கி ஒன்று முறிந்தது. அச்செய்தி பரவினால் ரெய்ம்சில் அவருடைய வங்கிக் கதவின் முன் கூட்டம் திரண்டுவிடும். அப்போது எடுவார்ட் வெர்லே என்ற ஊழியர் தம் சொந்தச் சொத்தை ஈடாக வைத்துப் பணம் திரட்டிக் கொண்டுவந்து நிறுவனத்தைக் காத்தார். வெட்ஸ்லர் நகரத்துச் செருமானியரான அவர் 1821-இல் எளிய வேலையில் சேர்ந்தவர். அம்மையார் அந்த உதவியை மறக்கவில்லை. 1831-இல் அவரைப் பங்காளியாக்கினார். 1841-இல் தாம் ஓய்வுபெற்றபோது நிர்வாகத்தை அவரிடமே ஒப்படைத்தார். வெர்லே பின்னர் ரெய்ம்ஸ் நகரத் தலைவராகவும் ஆனார்.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகிறது. மகள் கிளெமான்தீன் எங்கே? அவளை நிலவறைக்கு அழைத்துச் சென்று தொழில் பழக்கினாரா? இல்லை. 1817-இல் லூயி தெ ஷெவிஞே என்ற நலிந்த பிரபுக் குடும்பத்து இளைஞருக்கு மணம் செய்துகொடுத்தார். மருமகன் செய்யுள் இயற்றுவார், செலவும் செய்வார். மாமியார் கடனடைப்பார். தாம் பெற்ற உரிமையைத் தம் மகளுக்கு அவர் பெற்றுத்தரவில்லை. வழக்கத்தை மீறி வாழ்ந்த பெண், மகளை வழக்கத்தின் வழியிலேயே விட்டுவிட்டார். அவர் தம்மை ஒரு விதிவிலக்காகவே கருதினார் போலும். பெண்கள் எல்லாரும் இப்படி வாழலாம் என்று அவர் எங்கும் வாதாடியதாகத் தெரியவில்லை.

குடும்பத்தாருக்கு வணிகத்தைக் கொடுக்காவிட்டாலும் மாளிகையைக் கொடுத்தார். மார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி பூர்சோ என்னும் இடத்தில் 1840-களில் எழுந்த அக்கோட்டை மாளிகையில்தான் முதுமையைக் கழித்தார். லியோன் கோனியே என்ற ஓவியர் தீட்டிய படம் அவருடைய அந்நாளைய தோற்றத்தைக் காட்டுகிறது. சாய்வு நாற்காலியில் பருத்த உடலும் அகன்ற நெற்றியும் வெள்ளைத் தலைப்பாகையும் கொண்ட ஒரு பாட்டி. காலடியில் கொள்ளுப்பேத்தி ஆன். பின்னே பூர்சோ மாளிகை. ஏமாற்ற முடியாத கண்கள். அந்தக் கொள்ளுப்பேத்தியே பிற்காலத்தில் உசேஸ் சீமாட்டியாகி, பிரான்சில் மோட்டார் வண்டி ஓட்ட உரிமம் பெற்ற முதல் பெண் என்ற பெயரை 1898-இல் எடுத்தார். அதே ஆண்டில் வேகமாக ஓட்டியதற்காகத் தண்டமும் கட்டினார்! கொள்ளுப்பாட்டியின் துணிச்சல் இரண்டு தலைமுறைகள் உறங்கி மூன்றாம் தலைமுறையில் விழித்துக்கொண்டது எனலாம்.

கிளிக்கோ அம்மையார் 1866-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் தம் எண்பத்தெட்டாம் வயதில் பூர்சோவில் காலமானார். அப்போது நிறுவனம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழரை லட்சம் புட்டிகள் விற்றுக்கொண்டிருந்தது. அவருடைய மது செல்லாத தலைநகரம் ஐரோப்பாவில் இல்லை. அவரோ பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதே இல்லை என்பர். இன்று அனைவரும் அறிந்த அந்த மஞ்சள் சீட்டையும் அவர் பார்த்ததில்லை. அது 1877-இல்தான் பதிவு செய்யப்பட்டது.

அவர் காட்டிய வழியில் வேறு கைம்பெண்களும் வந்தார்கள். 1858-இல் கணவனை இழந்த லூயிஸ் பொம்மெரி அம்மையார், ரெய்ம்ஸ் நகரின் விளிம்பில் பாழாய்க் கிடந்த சுண்ணப்பாறைப் பள்ளங்களை வாங்கி, அவற்றைச் சுரங்கத் தெருக்களால் இணைத்து, சுவர்களில் சிற்பங்களும் செதுக்கச் செய்தார். கிளிக்கோ நிறுவனம் செயின்ட் நிக்கேஸ் குன்றின் கீழுள்ள அத்தகைய பள்ளங்களை 1909-இல் வாங்கியது. இன்று அந்நிறுவனத்தின் நிலவறை வழிகளின் நீளம் 24 கிலோமீட்டர். எனவே, அந்தப் பழம்பெரும் கூம்பு மண்டபங்களில் அம்மையார் விளக்கேந்தி நடந்தார் என்று எழுதுவோர் வரலாற்றை அறியாதவர்கள். அவர் நடந்தது ஊருக்குள் இருந்த வேறு நிலவறைகளில்.

அவர் பெயரைத் தாங்கிய நிலவறைகளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1914 செப்டம்பரில் செருமன் பீரங்கிகள் ரெய்ம்ஸ் நகரைச் சுடத் தொடங்கின. பேராலயம் பற்றி எரிந்தது. நகரில் எஞ்சிய மக்கள் ஷாம்பேன் நிறுவனங்களின் நிலவறைகளுக்குள் குடிபுகுந்தார்கள். மேலே குண்டுகள் விழ, கீழே புட்டி அடுக்குகளுக்கு நடுவே சமையல் நடந்தது, வழிபாடு நடந்தது, பள்ளிக்கூடங்களும் நடந்தன. சிறுவர்கள் சீமைச்சுண்ணாம்புச் சுவருக்கு அருகே அமர்ந்து பாடம் படித்தார்கள். போரின் நடுவிலும் பெண்களும் முதியவரும் கொடித்தோட்டத்துக்குச் சென்று பழம் பறித்தார்கள். சிலர் திரும்பி வரவில்லை. உலகப் பண்பாட்டு மரபுச் சின்னங்களின் பட்டியலில் ஷாம்பேன் குன்றுகளையும் நிறுவனங்களையும் நிலவறைகளையும் யுனெஸ்கோ 2015 ஜூலையில் சேர்த்தது. மதுவின் சுவைக்காக மட்டும் சேர்த்ததாக நான் எண்ணவில்லை.

கடைசியாக ஒரு செய்தி. 2010-ஆம் ஆண்டு பின்லாந்தைச் சேர்ந்த ஓலந்து தீவுகளுக்கு அருகே பால்டிக் கடலில், சுமார் 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலை நீர்மூழ்குவோர் கண்டார்கள். அதிலிருந்து 168 ஷாம்பேன் புட்டிகள் வெளிவந்தன. சீட்டுகள் எல்லாம் கடல்நீரில் கரைந்துபோயிருந்தன. ஆனால் சில தக்கைகளின் அடியில் சூட்டுக்குறி அழியாமல் இருந்தது: கிளிக்கோ அம்மையாரின் பெயர், கூடவே ஒரு வால்மீன். அம்மையார் உயிரோடு இருந்த காலத்து மது அது. குளிரும் இருட்டும் அசைவின்மையும் கடலடியிலும் வாய்த்திருந்தபடியால் நூற்றெழுபது ஆண்டுகளாகக் கெடாமல் இருந்தது. ஆராய்ந்தவர்கள் அதில் லிட்டருக்கு 140 கிராமுக்கும் மேற்பட்ட சர்க்கரை இருக்கக் கண்டார்கள். இன்றைய ஷாம்பேனில் பெரும்பாலும் பத்துக் கிராமை ஒட்டியே இருக்கும். அந்நாளைய மக்கள் எவ்வளவு இனிப்பை விரும்பினார்கள் என்று கணக்குப் புத்தகத்தில் மட்டும் படித்திருந்த அறிஞர்கள் நாவிலேயே அறிந்துகொண்டார்கள். 2014-இல் கிளிக்கோ நிறுவனம் அதே தீவுகளருகே சில நூறு புதிய புட்டிகளைக் கூண்டில் அடைத்துக் கடலுக்குள் இறக்கியது. அவற்றுக்கு இணையான புட்டிகள் ரெய்ம்ஸ் நகரத்துச் சுண்ணப்பாறை நிலவறையில் கிடத்தப்பட்டுள்ளன. பல்லாண்டுகள் கழித்து இரண்டையும் திறந்து, கடலின் இருட்டையும் பாறையின் இருட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்.